தைனானில் காலமான அத்தைக்கு

தைனான்,
ஆகஸ்ட் பதினெட்டு.

பெருமதிப்பிற்குரிய ஃபுசாயோ அத்தை அவர்களுக்கு, தங்கள் அண்ணன் மகன் ஹிரோமு இடுப்பு வரை குனிந்து வணங்கி எழுதுவது.

நாட்காட்டியில் இலையுதிர் காலம் பிறந்துவிட்டாலும் வெயில் அதைக் கேள்விப்படாதது போலக் காய்கிற இந்நாளில், தாங்கள் நலமாக இருக்கிறீர்களா? கனஸாவாவில் நம் கடை வாசலில் மாலைக் காற்று வருகிறதா? முழங்கால் வலி குறைந்ததா? தங்கள் தயவால் நான் இங்கே குறைவில்லாமல் இருக்கிறேன். தாங்களும் உயிரோடும் நலத்தோடும் இருக்கிறீர்கள் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். இந்தத் தெருவில் அப்படி நம்புகிறவன் நான் ஒருவன்தான்.

தங்கள் கடிதம் கிடைத்தது. வருகிற இருபதாம் தேதி நேரில் புறப்பட்டு வந்து, என்னைப் பெற்ற பிள்ளை போலப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கார அம்மாவைக் கண்டு முறைப்படி நன்றி சொல்லப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அத்தை, காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன், வராதீர்கள். டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடுங்கள். தாங்கள் இங்கே வர முடியாது. தாங்கள் பிப்ரவரி மாதமே இறந்துவிட்டீர்கள்.

முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

புது வீட்டுக்குக் குடிபோனால் அக்கம்பக்கத்தாருக்குக் கைத்துண்டு கொடுத்து வணக்கம் சொல்ல வேண்டும் என்று நீங்கள்தானே நல்ல வெள்ளைத் துண்டாகப் பார்த்து மடித்து, மேலே காகிதப் பட்டை சுற்றி, அதில் தூரிகையால் உங்கள் பெயரையும் அழகாக எழுதிக் கொடுத்தீர்கள்? வந்து இறங்கிய அன்றே அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மெய்லுவான் அக்காவிடம் நீட்டினேன். அவர்தான் வீட்டுக்கார அம்மா. கீழே காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறார், மாடி அறையை எனக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஆனால் அக்கா என்று கூப்பிட்டால்தான் ரொட்டிக்குள் இரண்டாவது முட்டை விழும். துண்டைப் பார்த்ததும் அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. இந்த ஊரில் துண்டு கொடுப்பது எப்போது தெரியுமா அத்தை? துக்க வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கு, இறந்தவர் வீட்டார் கொடுக்கிற மரியாதை அது. அக்கா பட்டையில் இருந்த உங்கள் பெயரைத் தொட்டுக் காட்டி என்னவோ கேட்டார். அப்போது எனக்கு இந்த ஊர் மொழி நான்கு வார்த்தைதான் தெரியும். நம் ஊரில் எதிராளி பேசும்போது ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று காட்டத் தலையாட்டிக்கொண்டே இருப்போமே, அந்த மரியாதை தவறக் கூடாது என்று ஆட்டினேன். அவர் இன்னொன்று கேட்டார், ஆட்டினேன். மூன்றாவதும் கேட்டார், அதற்கும் நன்றாக ஆட்டினேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். தைவான்காரர்கள் பாசக்காரர்கள் என்று பயண நூலில் போட்டிருந்தது, சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பல்கலைக்கழகத்தில் முதல் நாள் என்பதால் நீங்கள் தைத்துக் கொடுத்த கறுப்பு சூட்டையும் கறுப்பு டையையும் போட்டுக்கொண்டு இறங்கினேன். மற்ற பிள்ளைகளெல்லாம் அரைக்கால் சட்டையும் செருப்புமாக வந்திருந்தார்கள் என்பது வேறு கதை. முதல் மாத வாடகையையும் வெறும் கையில் கொடுத்தால் மரியாதையில்லை என்று, நீங்கள் பெட்டியில் வைத்திருந்த வெள்ளை உறையில் போட்டுக் குனிந்து நீட்டினேன். இங்கே நல்லதுக்குச் சிவப்பு உறை, சாவுக்குத்தான் வெள்ளை உறை என்று யார் எனக்குச் சொன்னார்கள்? அக்காவின் கணவர் அ-ஷெங் அண்ணன் அதை வாங்கும்போது தொப்பியைக் கழற்றினார். என்ன நாகரிகமான மனிதர் என்று உங்களுக்கு அப்போதே கடிதத்தில் எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா?

அன்றிலிருந்து எனக்குச் சைவம். துக்கத்தில் இருக்கிறவன் கவிச்சி தொடக் கூடாதாம். காலையில் சோயாக் கறி, மதியம் சோயா மீன், ராத்திரி இறால் மாதிரியே செய்த ஏதோ ஒரு கிழங்கு. தைவானில் மாமிசமே கிடையாது போலிருக்கிறது என்று ஆய்வுக் கட்டுரையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். பேராசிரியர் அதைப் பக்கத்து அறைக்காரர்களுக்கெல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். ரொம்பப் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

இதெல்லாம் எனக்கு எப்போது தெரியவந்தது என்றால், இந்த மாதம்தான். இங்கே இது ஆவிகள் மாதம். செத்துப்போனவர்கள் எல்லாரும் ஒரு மாத விடுமுறையில் பூமிக்கு வருவார்கள், அவர்களுக்குத் தெருவெல்லாம் மேசை போட்டுச் சாப்பாடு வைக்க வேண்டும், வேண்டிய சாமான்களைக் காகிதத்தில் செய்து எரித்து அனுப்ப வேண்டும். போன வாரம் கல்லூரி விட்டு வந்தேன். கடை வாசலில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு காகித வீடு. இரண்டு மாடி, பால்கனி, உள்ளே குளிர்சாதனப் பெட்டி, மசாஜ் நாற்காலி, வாசலில் வண்டி, வண்டிக்குப் பக்கத்தில் மீசை வைத்த காகித டிரைவர். ஆகா, என்ன வேலைப்பாடு என்று குனிந்து பார்த்தால், கதவு மேல் பெயர்ப் பலகையில் உங்கள் பெயர். பேச்சுத்தான் வேறு அத்தை, எழுத்து அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதானே. நான் வீல் என்று கத்திவிட்டேன். தெருவே ஓடி வந்தது.

“அழுடா தம்பி, அழு. ஆறு மாசமா அடக்கி வெச்சிருக்கே, இன்னிக்கித்தான் வெளிய வருது,” என்று அக்கா முதுகைத் தடவினார்.

அ-ஷெங் அண்ணன் மட்டும் காகித வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்மா, ஸ்டியரிங்க இடது பக்கம் வெச்சிருக்கான். ஜப்பான்ல வலது பக்கம்ல இருக்கும்? அந்தம்மா டிரைவர் போய் எங்கயாவது மோதினான்னா?”

“போனவங்க எங்கய்யா மறுபடி போகப் போறாங்க? வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு.”

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. வண்டியைத் தூக்கிக்கொண்டு காகிதக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டு, ஸ்டியரிங்கை மாற்றிக்கொண்டுதான் திரும்பினார். அந்த மனிதருக்கு உங்கள் மேல் அவ்வளவு அக்கறை.

உண்மையைச் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னேன் அத்தை! சாயங்காலம் குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வரும்போது தெருவிலுள்ள அத்தனை பேரும் பையோடு வந்து நிற்பார்கள். சொல்வதென்றால் அங்கேதான் சொல்ல வேண்டும் என்று, பையைக் கீழே வைத்துவிட்டு, “என் அத்தை உயிரோட இருக்காங்க!” என்று உரக்கக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆமாம்ப்பா, உன் நெஞ்சுக்குள்ள இருக்காங்க,” என்றார். குப்பை வண்டிக்காரர் கூட ஒரு நிமிஷம் பாட்டை நிறுத்தினார்.

சரி, ஆதாரம் காட்டலாம் என்று உங்களுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன். நீங்கள் கடையை மூடிவிட்டுப் போயிருந்தீர்கள். பதிவு செய்த உங்கள் குரல்தான் வந்தது: ‘தங்களைச் சந்திக்க முடியாததற்கு மிகவும் வருந்துகிறேன். இப்போது நான் இங்கே இல்லை.’ கடைக்கு எதிரே மருந்துக் கடை வைத்திருக்கும் பெரியவருக்கு நம் மொழி கொஞ்சம் தெரியும். அவர் அதை எல்லாருக்கும் சொன்னார். ஒவ்வொருவராகக் கைகூப்பினார்கள். இதற்கு மேல் நான் என்ன செய்ய?

அன்றைக்கே உங்களுக்குப் படையலும் போட்டார்கள். சாப்பிட்டு முடித்தீர்களா என்று கேட்க இரண்டு காசைச் சுண்டிப் போடுவார்கள். ஒன்று பூ, ஒன்று தலை விழுந்தால் ஆயிற்று என்று அர்த்தம், அதற்குப் பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். போட்டார்கள், இரண்டும் தலை. மறுபடி போட்டார்கள், இரண்டும் பூ. ஊதுபத்தி முழுசாக எரிந்து முடிந்தது, நீங்கள் முடிக்கவில்லை.

“உங்க அத்தைக்கு எதுவுமே பிடிக்கலையா தம்பி?”

“சூப்புல உப்பு அதிகம்னு நினைச்சிருப்பாங்க,” என்றேன், யோசிக்காமல். அக்கா உடனே ஓடிப் போய்ச் சூப்பில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். காசைப் போட்டால், பூவும் தலையும்! உயிரோடு இருக்கிற அத்தை எப்படி அங்கே வந்து உப்பு பார்த்தீர்கள் என்று எனக்கே ஒரு நிமிஷம் உதறலெடுத்துவிட்டது. அன்றைக்கு உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அத்தை, சிரிப்பாக எழுதிக்கொண்டு போகிறேனே தவிர மனசு படபடவென்று அடித்துக்கொள்கிறது. இந்தப் பெண்மணி எனக்குத் தினமும் கேட்காமலே சோறு போட்டிருக்கிறார். காய்ச்சல் வந்தபோது கடையை மூடிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அநாதைப் பிள்ளை என்று நினைத்து. இப்போது நீங்கள் முழுசாக வந்து வாசலில் நின்றால் அவர் ஒன்று மயங்கி விழுவார், இல்லையென்றால் செத்துப்போகாத ஒருவரைக் காட்டி ஆறு மாதம் சோறு தின்ற பயல் என்று என் முகத்தில் விழிக்கவே மாட்டார். முதலாவது கூடப் பரவாயில்லை, தண்ணீர் தெளிக்கலாம். இரண்டாவதை என்னால் தாங்க முடியாது. அம்மா போன பிறகு நீங்கள் ஒருத்தர்தான் எனக்கு என்று இருந்தேன். இப்போது இன்னொருவர் இருக்கிறார். அவரை இழக்க எனக்கு மனசில்லை.

அதனால்தான் இரண்டு நாளாக அறைக்குள்ளேயே கிடந்து, எப்படி எழுதுவது என்று தெரியாமல் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். மலைக்கு நடைப்பயணம் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பின்படி வழியாகத் திரும்பி வந்து ஒளிந்துகொண்டேன். “இந்த மாசத்துல மலைக்குப் போகாதடா, ஆவி பிடிச்சி இழுத்துக்கும்,” என்று அக்கா கெஞ்சினார். கேட்கவில்லை என்றதும் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். அதைத்தான் இங்கே கட்டிலுக்கடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறேன். விளக்குப் போடுவதில்லை, தண்ணீர்க் குழாயைத் திறப்பதில்லை. குப்பை கூடக் கொட்டவில்லை, அறை நாறுகிறது. எனவே தயவுசெய்து வராதீர்கள். வந்தே ஆக வேண்டும் என்றால், உங்கள் தங்கை என்று சொல்லிக்கொண்டு வாருங்கள். பெயரை மாற்றிக்கொண்டு, கொஞ்சம் சிரித்துக்கொண்டு வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

வெயிலுக்கும் குளிருக்கும் நடுவே உடம்பு தடுமாறும் காலம் இது. தங்கள் பொன்னான உடம்பைப் பேணிக் காத்து நெடுங்காலம் வாழ வேண்டும் என்று, தங்களுக்காகக் காகித வீடு கட்டிய அனைவர் சார்பிலும் வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் பணிவுள்ள,
ஹிரோமு

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டிருக்கும்போது கீழே சத்தம் கேட்டது. ஜன்னல் ஓரமாக எட்டிப் பார்த்தேன். அத்தை, நேரத்துக்கு வருவதே தாமதம் என்பது உங்கள் கொள்கை என்று தெரியும். அதற்காக இரண்டு நாள் முன்னாலேயா வருவீர்கள்? கறுப்பு கிமோனோவில் வேறு வந்திருக்கிறீர்கள். அது போகட்டும், கையில் என்ன? துண்டு! தெருவில் ஒரு வீடு விடாமல் துண்டு! ‘எங்கள் ஹிரோமுவைப் பார்த்துக்கொண்டதற்கு’ என்று, பட்டையில் என் பெயரை வேறு தூரிகையால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

மெய்லுவான் அக்கா பட்டையைப் படித்தார். என் ஜன்னலைக் காட்டி, “மேல் ரூம்புத் தம்பியா?” என்று கேட்டார். நீங்கள் மேலே பார்த்துவிட்டு, புன்னகையோடு தலையாட்டினீர்கள். “மலையிலயா?” என்றார். அதற்கும் ஆட்டினீர்கள். இப்போது அவர் நடுத்தெருவில் உட்கார்ந்து, “போகாதன்னு சொன்னேனே! என் கையாலயே சோறு கட்டிக் குடுத்தேனே, என் புள்ள!” என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார். அவர் அழுவதைப் பார்த்து, என்ன ஏது என்று தெரியாமலே நீங்களும் கைக்குட்டையை எடுத்துவிட்டீர்கள்.

அ-ஷெங் அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காகிதக் கடைக்குப் போன் பேசுகிறார். எனக்கு இங்கே வரை கேட்கிறது. “வண்டி ஒண்ணு போடுங்க. ஸ்டியரிங்கா? இடது பக்கமே இருக்கட்டும். அவன் நம்ம ஊர்ப் பையன்தானே.”

அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கண் தெரியவில்லை, எழுத்து கோணுகிறது. இறங்கி வருகிறேன் அத்தை. இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுக்கிறேன். படியில் என் காலடிச் சத்தம் கேட்டதும் அக்கா உங்கள் பக்கம் திரும்பி ஏதாவது கேட்பார். என்ன கேட்டாலும் சரி, தயவுசெய்து தலையை மட்டும் ஆட்டாதீர்கள்.