எதிரணியில் நாற்காலிகள்

செல்போனில் வீடியோ பார்த்துத் தோசை சுட்டால் தோசை மட்டும்தான் தீயும். ஹாக்கி சொல்லிக் கொடுத்தால் மானம் கப்பலேறும். என்னுடையது புதுச்சேரியில் எங்கள் சாரம் பகுதியிலிருந்து ஏறியது.

எங்கள் பகுதிப் பெண்கள் அணிக்கு நான்தான் கோச். (கல்லூரி அணியில் நான் ஆடியதைவிடத் தண்ணீர் கொண்டுபோனதே அதிகம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) அடுத்த ஆட்டத்திலும் தோற்றால் மைதானத்தைக் கிரிக்கெட் பையன்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று விளையாட்டுச் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். எங்கள் வியாதி ஒன்றுதான். கோல் பக்கம் பந்து வந்தால் எங்கள் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடிப்பார்கள்; அது நேராக எதிராளியிடம் போய்ச் சேரும். பதறாமல் ஒருவருக்கொருவர் தள்ளிக் கொடுத்து வெளியே கொண்டுவர வேண்டும் என்றது வீடியோ.

பழகுவதற்கு எதிரணி வேண்டுமே? என் மனைவியின் தம்பி குமார் பந்தல் கடை வைத்திருக்கிறான். அவனுடைய பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரணியாக நிறுத்தினேன். என் மகள் யாழினியும் மற்றவர்களும் அவற்றுக்கு நடுவே பந்தைக் கொண்டுபோன அழகில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒரு நாற்காலியாவது பந்தைப் பறித்ததா? இல்லையே. எல்லாம் என் பயிற்சியின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் அரியாங்குப்பம் அணியோடு. விசில் ஊதிய கொஞ்ச நேரத்தில் யாழினி நிதானமாகப் பந்தைத் தள்ளினாள். எதிரணிப் பெண் ஒருத்தி பாய்ந்து வந்து பறித்துக் கோல் போட்டாள். யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, இவங்க ஓடுறாங்கப்பா."

அப்புறமும் அதே கதைதான். கடைசியில் துரத்தல் தாங்காமல் யாழினி பந்தோடு எல்லைக்கோட்டையே தாண்டிவிட்டாள். வெளியே விருந்தினர்களுக்கு வரிசையாக நாற்காலிகள். பழகிய முகங்களைப் பார்த்ததும் அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. இன்னும் இருவர் பின்னாலேயே ஓடி வந்தார்கள். நடுவர் ஊதிக்கொண்டே இருக்க, மூவரும் மாற்றி மாற்றித் தள்ளிப் பந்தைக் கடைசி வரிசைவரை கொண்டுபோய்விட்டார்கள். அன்று நாங்கள் பிழையில்லாமல் ஆடிய இடம் அது ஒன்றுதான். காலைத் தூக்கிக்கொண்டு வழிவிட்ட சிறப்பு விருந்தினர் கைதட்டினார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

மைதானம் போயே போய்விட்டது. இப்போது முகூர்த்தமில்லாத நாட்களில் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் பழகுகிறோம். எதிரணியாக நானே மூச்சுவாங்க ஓடுகிறேன்.

போன மாதம் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் உட்காரப் போனேன். குமார் ஓடி வந்து என் நாற்காலியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"தைரியமா உக்காருங்க மாமா. ஓடாம நான் புடிச்சிக்கிறேன்."