மாமனாரின் பாவில் சிக்கிய மஞ்சள் நூல்

ஒருவனுடைய கல்யாணத்தைக் கெடுக்க வேண்டுமென்றால் மொட்டைக் கடுதாசி போடுவதற்கு ஊரில் நாலு பேர் எப்போதும் தயாராக இருப்பார்கள். என் விஷயத்தில் அவர்கள் யாருக்கும் அந்தச் சிரமத்தை வைக்காமல், காரியத்தை நானே முன்னின்று, தெரு நடுவில் நின்றுகொண்டு, நாலு பேருக்குப் பதில் நாற்பது பேர் பார்க்கச் செய்தேன். (பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. மீதிப் பாதி இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறது.)

எழுபதுகளின் கடைசி அது. காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த நான், எப்படியோ தட்டுத் தடுமாறிப் படித்து, மெட்ராஸில் கம்ப்யூட்டர் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் இரண்டு பீரோ அளவு இருக்கும். அது ஏ.சி. அறையில் இருக்கும், நாங்கள் வெளியே வியர்த்துக்கொண்டிருப்போம்.

எனக்குக் கொடுத்திருந்த பொறுப்பு அதன் கெர்னல். மற்ற எல்லா வேலைகளையும் உள்ளே இருந்து மேய்க்கிற அடிப்படை நிரலுக்கு அப்படிப் பெயர். இருப்பது ஒரே பிரிண்டர், ஒரே டேப். கேட்கிற வேலைகளோ பத்து. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பூட்டு வைத்திருப்போம். வேண்டுகிறவன் பூட்டை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்க வேண்டும், முடிந்ததும் விட்டுவிட வேண்டும். அதுவரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். எடுத்தவன் விட மறந்துபோனால் எல்லாரும் காத்துக்கொண்டே இருப்பார்கள். இயந்திரம் சத்தமில்லாமல் நின்றுவிடும், விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

எங்கள் இயந்திரம் தினம் இரண்டு தடவையாவது நின்றது. எங்கள் சீஃப் கோபம் ஏற ஏறக் குரல் இறங்குகிற மனிதர். ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, ஏறக்குறைய காதோடு சொன்னார்: "திங்கட்கிழமை பத்து மணிக்கு டில்லியிலேர்ந்து ஆளுங்க பார்க்க வர்றாங்க, மிஸ்டர் தணிகாசலம். எந்தப் பூட்டை எவன் எடுத்துட்டு விடாம இருக்கான்னு அதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

நான் கெர்னல் முழுவதையும் காகிதத்தில் அடித்து எடுத்துக்கொண்டேன். விசிறி மடிப்பாக ஒன்றோடொன்று ஒட்டிய அறுபது பக்கம், இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை. அதை மடியில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். வாலாஜாபாத்தில் ஏறிய ஒரு பெரியவர் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, யார் ஜாதகம் இவ்வளவு நீளம் என்று கேட்டார். என்னுடையதுதான் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு ஞானம் அன்று எனக்கு இல்லை.

வீட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒரு பூட்டை மூன்றாம் பக்கத்தில் எடுத்தால் நாற்பதாம் பக்கத்தில் விடுகிறார்கள். நாற்பதைத் தேடிப் போவதற்குள் மூன்று மறந்துபோகிறது. மத்தியானம் வாக்கில் மூளை குழம்பிப்போய்த் தறிக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தபோதுதான் அந்த மகா யோசனை வந்தது. மிச்சப் பட்டு நூல் வீடு முழுக்க இறைந்து கிடக்கிறது. பூட்டுக்கு ஒரு நிறம். பிரிண்டருக்கு மஞ்சள், டேப்புக்குப் பச்சை, மற்றவைக்கு நீலமும் ஊதாவும். பூட்டை எடுக்கிற வரிக்கு நேரே ஓரத்து ஓட்டையில் நூலைக் கட்டி, விடுகிற வரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் முடிச்சுப் போட வேண்டியது. எந்த நூலுக்கு முடிவு இல்லையோ அவன்தான் திருடன். சாயங்காலத்துக்குள் எடுக்கிற இடம் அத்தனையிலும் நூலைக் கட்டிவிட்டேன். இனி முழுக் காகிதத்தையும் விரித்துப் போட்டு, ஒவ்வொரு நூலாக முடிக்க வேண்டும். அறுபது பக்கம் விரிக்க எங்கள் வீட்டில் இடம் ஏது? தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல் வரிசைக்குப் பாவு என்று பெயர். ஒரு முழுப் பாவின் நீளம் இந்தக் காகிதம். பாவை எங்கே விரிப்போம்? தெருவில்.

இந்த இடத்தில் எங்கள் தெரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவைக் கஞ்சியில் நனைத்து, விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் காய வைப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு வீட்டுப் பாவுக்குத்தான் தெருவில் இடம். யாருக்கு முறையோ அவர்கள் முதல் நாள் சாயங்காலமே தெருக்கோடியில் ஒரு மூங்கில் கழியை நட்டுவிடுவார்கள். கழி நின்றால் தெரு எடுக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். காரியம் முடிந்ததும் பிடுங்கிவிடுவார்கள். பாவைத் தாங்குகிற கவைக்கோல் இரண்டும் தெருவுக்கே பொது. அவையும் முறைக்காரர் கைக்குத்தான் போகும். யோசித்துப் பார்த்தால் நான் மெட்ராஸில் ஏ.சி. அறைக்கு வெளியே நின்று திண்டாடிக்கொண்டிருந்த அதே விஷயத்தை, எங்கள் தெரு ஒரு மூங்கில் கழியை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பிசகில்லாமல் நடத்திவந்திருக்கிறது. நான் யோசித்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் காகிதத்தோடு இறங்கினேன். தெருக்கோடியில் கழி நின்றுகொண்டிருந்தது. பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். அரைமணியில் முடிந்துவிடும், அதற்குள் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பூட்டுகளை மதிக்காத நிரல்களைக் கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

காகிதத்தை விரித்து, ஓரங்களில் கல் வைத்து, தவழ்ந்து தவழ்ந்து நூல்களை முடித்துக்கொண்டு வந்தேன். பச்சை முடிந்தது. நீலம் முடிந்தது. ஊதாவும் முடிந்தது. மஞ்சளில் ஒன்று மட்டும் முடியவில்லை. அதை இழுத்துக்கொண்டு அறுபதாம் பக்கம் வரை வந்துவிட்டேன், கட்டுவதற்கு இடம் இல்லை. எங்காவது ஒரு வரியைத் தவறவிட்டிருப்பேன் என்று மறுபடி முதல் பக்கத்துக்கு ஓடினேன். அதற்குள் விடிந்து, காற்று கிளம்பி, காகிதம் கல்லை உதறிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தது.

அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஏகாம்பரம் மாமா ஈரப் பாவைச் சுருணையாகத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் இரண்டு கவைக்கோலோடு வெளியே வந்தார். மாமா என்றால் மரியாதைக்குச் சொல்கிற மாமா இல்லை. அவர் மகள் சரோஜாவைத்தான் எனக்கு நிச்சயம் செய்திருந்தது. தை மாதம் பத்தாம் தேதி கல்யாணம்.

மாமா தெருவைப் பார்த்தார், கழியைப் பார்த்தார், கடைசியாக நாலு காலில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"இன்னாப்பா இது?"

"கெர்னல், மாமா."

"எப்ப எடுப்பே?"

"ஒரே ஒரு மஞ்ச நூலுதான் மாமா முடியல. அது எங்க முடியுதுன்னு பாத்துட்டு எடுத்துடறேன். அந்தக் கோலு ரெண்டையும் கொஞ்சம் குடுத்தீங்கன்னா காயிதம் பறக்காது. சீக்கிரமா முடிஞ்சுடும்."

"கோலு பாவுக்குப்பா. பாவு நனைச்சாச்சு, சுருட்டினபடி காஞ்சா ஒட்டிக்கும். தெருவ வுட்டாத்தான் கோலு நட முடியும்."

"கோலு குடுத்தாத்தான் மாமா தெருவ வுட முடியும்."

சொல்லிவிட்டேன். இன்றைக்கும் பல் தேய்க்கும்போது அந்த வாக்கியம் ஞாபகம் வந்தால் பிரஷ்ஷை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாம் இருவரும் இப்போது இருக்கிற நிலைமைக்கு இங்கிலீஷில் ஒரு பெயரே இருக்கிறது என்று மாமாவுக்கு விளக்க ஆரம்பித்தேன். ஒருவன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றுக்காகக் காத்திருக்கிறான், அடுத்தவன் அந்த இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு இதற்காகக் காத்திருக்கிறான், இரண்டு பேரும் கடைசி வரை நிற்க வேண்டியதுதான் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். தோளில் ஈரப் பட்டு சொட்டிக்கொண்டிருந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இன்னா செய்வாங்க?"

"யாராச்சும் ஒருத்தர் வுட்டுக் குடுக்கணும், மாமா."

"யாரு?"

"அது இன்னும் ஆராய்ச்சியில இருக்குது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் அம்மா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "டேய், பேஜாரு பண்ணாத. எடுடா அத" என்றாள். நான் திங்கட்கிழமை பத்து மணியைப் பற்றிச் சொன்னேன். டில்லி என்ற பேரையும் சேர்த்துச் சொன்னேன். யாரும் அசரவில்லை. வெயில் மட்டும் கூரைக்கு மேலே வந்துவிட்டது.

அப்போது சரோஜா வந்தாள். நிச்சயமான பெண் மாப்பிள்ளையோடு தெருவில் நின்று பேசுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அதனால் அவள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்கப்பா பாவு காஞ்சா திரும்ப வராது. இந்தக் காயிதத்த மிஷினு இன்னொரு வாட்டி அடிச்சிக் குடுக்குமா, குடுக்காதா?"

"குடுக்கும்."

"அப்ப எத வுடணும்?"

எனக்குப் பதில் தெரியும். மறுபடி செய்யக்கூடியதை விட வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் நூல் கட்டிய விரல்கள் வலித்தன, நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானோ பட்டதாரி. "அது அவ்ளோ சுளுவு இல்ல" என்று ஆரம்பித்தேன். அவள் குனிந்து அறுபதாம் பக்கத்தின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். மடிப்பு மடிப்பாகக் காகிதம் கிழிந்துகொண்டே வந்தது, நூல்கள் தெருவில் கிடந்தன. அவள் காகிதம் அத்தனையையும் வாரி என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாமா கோலை நட்டுப் பாவைப் பிரித்தார். நேரம் கடந்துவிட்டிருந்தது. சுருணையின் வெளிப்பக்கம் காய்ந்து, இழையோடு இழை ஒட்டிக் கட்டை கட்டையாக நின்றது. மாமா அதன் மேல் கையை ஓட்டிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். என் அம்மாவிடம் போய், "தை பொறக்கட்டும்மா. அப்பறமா பேசிக்கலாம்" என்றார். தை பிறந்து பத்தாம் நாள் கல்யாணம் என்று பேசி முடித்தாயிற்று. இனிமேல் பேச என்ன இருக்கிறது என்று அம்மா கேட்கவில்லை. உள்ளே வந்து என்னிடம் சொன்னாள், "அது இன்னா பாவுன்னு தெரியுமாடா உனுக்கு? சரோஜாவுக்கு மூர்த்தப் புடவை. அவுரே கைப்பட நெய்யணும்னு எடுத்து வெச்சது."

சரோஜா கிடைக்கமாட்டாள் என்கிற எண்ணம் அதுவரை ஒரு நாளும் எனக்கு வந்ததில்லை. அவள் எதிர்வீட்டிலேயே இருந்ததால் அவளைப் பற்றி நான் அதிகமாக நினைத்ததுகூட இல்லை. அன்று காலை, என் கெர்னலை வாரி என் கையில் திணித்துவிட்டுப் போன அந்தப் பெண் இல்லாமல் என் மீதி நாட்கள் எப்படிப் போகும் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. (வந்துவிட்டது என்ன, அழுதேன்.)

முகத்தைக் கழுவிக்கொண்டு போய், மாமாவுக்கு எதிர்ப்பக்கம் பாவருகில் நின்றேன். ஈரத் துணியால் தொட்டுத் தொட்டு, ஒட்டிய இழைகளை விரலால் ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தேன். அவர் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிரித்தும் பாதிகூட ஆகவில்லை. சாயங்காலம் மெட்ராஸ் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அம்மா ஜாடை காட்டினாள். நான் காணாததுபோல் இருந்துவிட்டேன். திங்கட்கிழமை தெரு வேறொரு வீட்டு முறை. நாங்கள் பிரித்து முடிக்கட்டும் என்று அவர்கள் தங்கள் கழியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பத்து மணிக்கு டில்லிக்காரர்கள் ஏ.சி. அறைக்குள் போயிருப்பார்கள். நான் அரக்குப் பட்டில் இழை பிரித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் பாவின் ஓரத்தில் ஒரு மஞ்சள் தட்டுப்பட்டது. என்னுடைய நூல். தெருவில் கிடந்தது, அதன் மேலே இழுத்துக் கட்டிய ஈரப் பாவில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனது. முடிச்சே இல்லை. அப்போதுதான் உறைத்தது. நான் எந்த வரியையும் தவறவிடவில்லை. அந்த வரி எழுதப்படவே இல்லை. பிரிண்டரில் காகிதம் தீர்ந்துபோனால், எடுத்த பூட்டை விடாமலே நிரல் திரும்பிப் போய்விடுகிறது.

"மாமா, கண்டுபுடிச்சிட்டேன்" என்றேன்.

"இன்னாத்த?"

"எடுத்துட்டு வுடாம நிக்கறது யாருன்னு."

அவர் இழையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது நேத்தே தெருவுக்கே தெரியுமேப்பா" என்றார். வாசலுக்குள்ளிருந்து சரோஜா சிரிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு நாளில் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் நல்ல சத்தம் அது.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் போனேன். திங்கட்கிழமை வந்தவர்கள் முன்னால் இயந்திரம் நின்றுவிட்டதாம், அவர்கள் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். நான் ஒரே ஒரு வரியைச் சேர்த்தேன். அதற்கப்புறம் அது நிற்கவில்லை. எங்கே போயிருந்தாய் என்று சீஃப் கேட்டார். பாவு பிரித்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் குரல் அன்று காதில் விழாத அளவுக்கு இறங்கிவிட்டது. தண்டனையாக ஆறு மாதம், கம்ப்யூட்டருக்குப் போடுகிற அட்டைகளில் துளை போடுகிற அறையில் உட்கார்ந்திருந்தேன்.

தை பத்தாம் தேதி கல்யாணம் நடந்தது. அரக்கு முகூர்த்தப் புடவையில், கரையை ஒட்டி, முந்தானை வரைக்கும் ஒற்றை மஞ்சள் இழை. அதைப் பிடுங்கிவிடக்கூடாதா என்று முன்னாலேயே மாமாவிடம் கெஞ்சியிருந்தேன். பிடுங்கினால் பக்கத்து இழையும் சேர்ந்து வந்துவிடும் என்றார். தொழில் தெரிந்தவர் சொல்கிறார் என்று நானும் நம்பிவிட்டேன். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து சரோஜாதான் சொன்னாள், சுண்டி இழுத்திருந்தால் நுனிவிரலில் வந்திருக்குமாம். அவர்தான் இருக்கட்டும் என்று சொல்லி நெய்துவிட்டாராம்.

எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது ஒருவர் அந்தப் புடவையை எடுத்துப் பிரித்துக் காட்டாமல் இருப்பதில்லை. "தணிகா தாலி கட்டினது ரெண்டு வாட்டி. மொதல்ல பாவுக்கு, அப்பறம்தான் சரோஜாவுக்கு" என்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன். கூட்டம் கலைந்த பிறகு அதை மடித்து வைக்கிற வேலை என்னுடையது. மடிக்கும்போது அந்த மஞ்சளை விரலால் தொட்டுக்கொண்டே போவேன். எடுத்த இடம் தெளிவாகத் தெரிகிறது. விட்ட இடம் எந்த மடிப்பிலும் இல்லை.