கழுவித் துடைத்த குப்பை

அஜின்கோர்ட், ரொறன்ரோ
19 ஒக்ரோபர் 1986

அன்பும் மதிப்பும் மிக்க மங்கையக்கா அவர்களுக்கு,

தம்பி அருள்நாயகம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பரிமளமும் பிள்ளைகளும் உங்கள் ஆசீர்வாதத்தால் சுகமாக இருக்கிறோம். என்னுடைய இடுப்பு மட்டும் சுகமாக இல்லை, அதன் காரணம் கீழே வரும். அங்கே நீங்களும் உங்கள் பசுவும் அது புதிதாக ஈன்ற கன்றும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். கன்றுக்குப் பெயர் வைத்துவிட்டீர்களா? அதை அறிய எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை. நீங்கள் கனடாவுக்கு வராமல் இருப்பதற்கு இப்போதைய காரணம் அந்தக் கன்றுதான் என்று எழுதியிருந்தபடியால், ஒரு மரியாதைக்குக் கேட்கிறேன்.

முதல் வருடம் ஓடு மாற்றவேண்டும் என்று எழுதினீர்கள். அடுத்த வருடம் கிணறு இறைத்துத் துப்பரவாக்க வேண்டும் என்று எழுதினீர்கள். இந்த வருடம் பசு சினைப்பட்டது. ஆமி அடிக்கிற செல் குண்டு விழுகிற சத்தத்தில் பசு பால் மறுக்கும், நான் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். செல் விழுகிற சத்தத்தில் அக்காவுக்கு என்ன ஆகும் என்று பசு எப்போதாவது யோசித்ததா என்று கேட்டு ஒரு பதில் எழுதினேன், பிறகு கிழித்துப் போட்டேன். கடைசியாக வந்த கடிதத்தில்தான் நீங்கள் ஒரேயடியாகச் சொல்லிவிட்டீர்கள்: என்னை இனி எதிர்பார்க்க வேண்டாம் தம்பி, எனக்கென்று வாங்கி அடுக்கி வைத்திருக்கிற சாமான்களை ஆருக்கும் கொடுத்துவிட்டுப் புது வீட்டுக்குப் போ. அக்கா சொல்லி நான் செய்யாமல் விட்டது எது? செய்துவிட்டேன். எப்படிச் செய்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பழைய வாடகை வீட்டின் பேஸ்மென்ற், அதுதான் நிலத்துக்குக் கீழே இருக்கிற அறை, உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படி ஒரு வரியில் சொல்லியிருக்க மாட்டீர்கள். இந்த ஊரில் குப்பை எடுக்கிற நாளுக்கு முதல்நாள், பெரிய வீட்டுக்காரர் நல்ல நல்ல சாமான்களை வாசலில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். நான் வேலை முடிந்து வருகிற வழியில் அந்தத் தெருக்களாலே ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். அப்படி வந்ததுதான் உங்களுக்கான மரக் கட்டில், முதுகு நோகாமல் சாய்ந்திருக்க உயர்ந்த முதுகுள்ள கதிரை, வாசிக்க ஒரு மேசை விளக்கு, அந்த விளக்கு பழுதானால் என்று இன்னொன்று, இரண்டும் பழுதானால் என்று மற்றொன்று. கடையில் காசு கொடுத்து வாங்கியது ஒன்றே ஒன்றுதான், குளிர்க் கோட்டு. கத்தரிப்பூ நிறம், முழங்காலுக்குக் கீழே வரும். உங்களுக்குக் கத்தரிப்பூ நிறம் பிடிக்கும் என்று எனக்கு ஞாபகம், பிடிக்காது என்று பரிமளத்துக்கு ஞாபகம். இனி அதைத் தீர்த்துவைக்கத் தேவையில்லை.

உங்கள் கடிதத்தை நான் வாசித்துவிட்டுப் பரிமளத்திடம் கொடுத்தேன். அவள் வாசித்து மடித்துவிட்டு, தேத்தண்ணி போட்டாள். பிறகு, மச்சாளே சொல்லிவிட்டா, இனி அந்தப் பேஸ்மென்றைத் துப்பரவாக்கலாம்தானே என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் சொல்லவேண்டியதை அவள் சொன்னால் எனக்குக் கோபம் வரும், உங்களுக்குத் தெரியும். கட்டட வேலை செய்கிற பஸ்ரியன் என்று ஒரு பிள்ளை இருக்கிறான், சொந்தமாக வான் வைத்திருக்கிறான், எங்களுக்கு ஏதும் என்றால் முதலில் வந்து நிற்பவன். அவன் பேஸ்மென்றின் படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, இதுக்குக் குப்பை லொறி காணாது அண்ணை, கட்டடக்காரர் எடுக்கிற பெரிய இரும்புத் தொட்டியொன்றை வாடகைக்கு எடுப்போம் என்றான். ஒரு லொறி கொண்டுவந்து இறக்கிவிடும், நிரப்பினதும் வந்து தூக்கிக்கொண்டு போகும். எவ்வளவு பெரியது என்றால், உங்கள் பசுவை வண்டியில் பூட்டி, வண்டியோடு உள்ளே நிறுத்தலாம். கன்றுக்கும் இடம் மிஞ்சும்.

தொட்டி வந்தது வெள்ளிக்கிழமை. லொறிக்காரன் இறக்கிவிட்டுப் போன பிறகுதான் பரிமளம் கலண்டரைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து ஒரு துரும்பும் வெளியே போகக்கூடாதாம், இலட்சுமி கூடவே போய்விடுவாளாம். போகிற இலட்சுமி இந்தக் குப்பைக்குப் பின்னாலேயா போவாள் என்று கேட்டேன், கேட்டதுதான் மிச்சம். ஆகவே அன்று முழுக்க தொட்டி வெறுமையாகவே நின்றது, பிள்ளைகள் அதற்குள் இறங்கி விளையாடினார்கள். பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, ஒரு சிறிய சாமான் போடலாமா என்று சிரித்துக்கொண்டு கேட்டார். ஓம் என்றேன். தக்காளிக்கு ஊன்றிய தடிகளையும், சமையலறையில் கழற்றிய பழைய சிங்க் ஒன்றையும் கொண்டுவந்து போட்டார். நாங்கள் வாடகை கட்டிய தொட்டியில் முதலாவதாக விழுந்தது அவருடைய குப்பை.

சனிக்கிழமை காலை எனக்கு வேலை இருந்தது. மத்தியானம் வந்து பார்த்தால், உங்கள் கட்டிலையும் கதிரையையும் காணவில்லை. பஸ்ரியன் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்றாள் பரிமளம். அவனுக்கு எதற்கு என்று கேட்டேன். போனது போனதுதான் என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொண்டுபோனானே என்று அவன்மேல் எனக்கு மனத்தாங்கல். ஆனால் அதைப் பற்றிப் பேச நேரம் இருக்கவில்லை, ஏனென்றால் முற்றத்தில் குழாயைத் திறந்துவிட்டு இவள் குப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அக்கா, நான் பிழையாக எழுதவில்லை. எறியப்போகிற சட்டி பானையைப் புளி போட்டு விளக்கினாள். எறியப்போகிற உடுப்புகளைத் தோய்த்து, காயவைத்து, மடித்து, பிள்ளைகளுடைய சட்டைகளுக்கு மட்டும் ஸ்திரிக்கையும் போட்டாள். ஏனப்பா என்று கேட்டேன். "நாளைக்கு ஆரும் எட்டிப் பாத்தா, பரிமளத்தின்ர வீட்டுக் குப்பை எப்பிடிக் கிடந்தது எண்டு சனம் கதைக்கக்கூடாது" என்றாள். இத்தாலியருடைய சிங்க்கையும் விடவில்லை. அது யாருடையது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாதாம். பளபளவென்று ஆக்கிவிட்டாள். பிறகு என்னைத் தொட்டிக்குள் இறக்கினாள். அவள் மேலே நின்று எடுத்துத் தர, நான் உள்ளே நின்று அடுக்கவேண்டும்: கனமானது அடியில், கண்ணாடிச் சாமான் ஓரத்தில், உடுப்பு மேலே. இடுப்பு போனது அங்கேதான். வருடக் கணக்காகச் சேர்ந்திருந்த சாமிப்பட கலண்டர்களை எறிய முடியாது, பிள்ளைகளுடைய பழைய பள்ளிக்கூடக் கொப்பிகளையும் எறிய முடியாது, அது சரஸ்வதியாம். அவை புது வீட்டுக்கு வருகிற பெட்டிக்குள் போயின. பின்னேரம் மழை தூறியது, குப்பை நனைந்துவிடும் என்று ரோசாப்பூப் போட்ட படுக்கை விரிப்பொன்றைக் கொண்டுவந்து மூடினாள்.

அந்தக் கத்தரிப்பூக் கோட்டை மட்டும் நான் நான்கு சுவருக்குள்ளேயே கொண்டுதிரிந்தேன். வாசல்வரை கொண்டுபோவேன், திரும்பக் கொண்டுவந்து அலுமாரியில் தொங்கவிடுவேன், பிறகு மறுபடி கொண்டுபோவேன். பரிமளம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அக்கா வரமாட்டேன் என்று எழுதினதை நான் வாசித்துவிட்டேன், அந்தக் கோட்டு இன்னும் வாசிக்கவில்லை. அப்படித்தான் எனக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவால் போன ஒரு மனிதர் நின்று, விரிப்பை மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டு, எங்கள் மணியை அடித்தார். எங்கள் ஆள், வந்து கொஞ்ச நாள்தான் இருக்கும், காலில் செருப்பு. கிறிஸ்துநாயகம் என்று பெயர் சொன்னார். சட்டி பானை என்ன விலை அண்ணை என்று கேட்டார். இது விற்கிறது இல்லை, குப்பை என்றேன். அவர் நம்பவில்லை.

"குப்பையெண்டா ஏன் அண்ணை மடிச்சு வைச்சிருக்கு?" என்றார்.

பரிமளத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். அவள் வந்து, விலையும் இல்லை ஒன்றும் இல்லை, தேவையானதை எடுங்கோ, முதலில் உள்ளே வந்து தேத்தண்ணி குடியுங்கோ என்றாள். அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய், அடுக்குமாடியில் தன்னோடு இருக்கிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார், அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், கடையில் சாமான் தள்ளுகிற வண்டில்களும் வந்தன. எல்லோரும் புதிதாக வந்தவர்கள், நிலத்தில் படுக்கிறவர்கள். பரிமளம் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றையும் மகளைக் கட்டிக்கொடுக்கிற மாதிரிப் புத்தி சொல்லிக் கொடுத்தாள்: இந்தச் சட்டி அடிப்பிடிக்கும், நெருப்பைக் குறைத்து வையுங்கோ; இந்த ஸ்திரிக்கைப்பெட்டி சிலவேளை கரண்ட் அடிக்கும், செருப்புப் போட்டுக்கொண்டு பிடியுங்கோ. உங்களுக்காக எடுத்த மேசை விளக்குகள் மூன்றும் மூன்று வீட்டுக்குப் போய்விட்டன. தேயிலை முடிந்து, என்னைக் கடைக்கு அனுப்பினாள். குப்பை எறிகிற வீட்டில் இப்படி விருந்து நடந்ததை நான் வேறெங்கும் காணவில்லை.

ஆட்கள் குறைந்த நேரம் ஒரு பெண் வந்தாள். கோணேஸ்வரி என்று பெயர், திருகோணமலையாம், பிள்ளை வயிற்றில். சீலைக்கு மேலே புருஷனுடைய சுவெட்டர் போட்டிருந்தாள், அது முன்னாலே மூடவில்லை. தொட்டியில் உடுப்பு ஒன்றும் மிஞ்சவில்லை. பரவாயில்லை அண்ணை என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, அந்தக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, புதுசாயிருக்கு என்றாள்.

"ஆற்றை கோட்டு அண்ணை?"

"என்ர அக்கான்ர."

"அப்ப அவவுக்கு வேண்டாமோ?"

"அவ வரேல்லை, பிள்ளை."

இவ்வளவு காலமும் யார் கேட்டாலும், அக்கா இன்னும் வரவில்லை, வருவா என்றுதான் சொல்லியிருக்கிறேன். வரவில்லை என்று முற்றுப்புள்ளி வைத்துச் சொன்னது அன்றுதான். அவள் கோட்டைப் போட்டுப் பொத்தானைப் பூட்டினாள், வயிற்றோடு சரியாக மூடியது. அந்தக் கோட்டுக்குள் ஓர் ஆள் நிற்பதை அன்றுதான் நான் கண்டேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இடுப்பு நோகிறது என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். பரிமளம் வந்து இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். எங்கே நோகிறது என்று அவள் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை லொறிக்காரன் வந்தான். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு மறுபடி எட்டிப் பார்த்தான். உள்ளே இருந்தது தக்காளித் தடியும் சிங்க்கும். நிரப்ப மறந்துவிட்டீர்களா என்று கேட்டான். நிரப்பினோம், சனம் திரும்ப வெறுமையாக்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் அந்தச் சிங்க்கைத் தடவிப் பார்த்து, இது எனக்கு வேண்டும் என்று தூக்கித் தன் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டான். வெறுந்தொட்டி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு தெருவால் போயிற்று.

வியாழக்கிழமை இந்தப் புது வீட்டுக்கு வந்து பால் காய்ச்சினோம். கீழே குளியலறைக்குப் பக்கத்தில் ஓர் அறை இருக்கிறது, படியேறத் தேவையில்லை. யாருக்கென்றும் இல்லை, சும்மா ஓர் அறை. கலண்டர்களை அங்கே வைக்கலாம் என்று போனால், பெயின்ற் காயவில்லை, திறக்க வேண்டாம் என்று பரிமளம் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகி வைத்திருக்கிறாள். எந்தப் பெயின்ற் இவ்வளவு நாள் காயாமல் கிடக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. அவளோடு தர்க்கம் வைக்கிற தெம்பும் எனக்கு இல்லை.

ஆகையால் அக்கா, உங்கள் முடிவை நான் முழுமனதோடு ஏற்றுக்கொண்டுவிட்டேன். இனி வாங்கோ வாங்கோ என்று உங்களை அரிக்க மாட்டேன். உங்களுக்கென்று இந்த வீட்டில் ஒரு சாமானும் இல்லை, என் மனதிலும் அந்த எண்ணம் இல்லை. செல் அடிக்கிற நேரம் பசுவுக்குப் பக்கத்தில் நிற்காமல் பங்கர்க் குழிக்குள் போங்கோ, அது போதும்.

உங்கள் கைகளை நினைத்துக் கும்பிட்டு, பிள்ளைகளின் தலையில் இங்கிருந்தபடியே உங்கள் ஆசீர்வாதத்தை வைத்து முடிக்கிறேன். பசுவுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
சொல்லுக் கேட்கும் தம்பி,
அருள்நாயகம்

பி.கு.: மச்சாள், இது பரிமளம் எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டச் சொல்லி என்னிடம் தந்துவிட்டு உங்கள் தம்பி இலை கூட்டப் போயிருக்கிறார். குப்பையைப் பற்றி எழுதினதெல்லாம் உண்மை. உங்களைப் பற்றி எழுதினது ஒன்றும் உண்மையில்லை. உங்களுடைய கட்டிலையும் கதிரையையும் நான்தான் சனிக்கிழமை பஸ்ரியனுடைய கராஜில் ஒளித்து வைப்பித்தேன், அந்தப் பிள்ளைமேல் ஒரு பிழையும் இல்லை. இப்போது இரண்டும் கீழறையில் இருக்கின்றன, பெயின்ற் எப்போதோ காய்ந்துவிட்டது. இவர் கண்டால் திரும்ப எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார், பிறகு மனமுடைந்து போவார் என்றுதான் பூட்டி வைத்தேன். ஆனால் நேற்று ஆணி வாங்கப் போகிறேன் என்று போனவர், ஆணி இல்லாமல் வந்தார். வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்குப் பின்னால் ஒரு பையை ஒளித்து வைத்திருக்கிறார், நான் எடுத்துப் பார்த்தேன். பெண்களுடைய குளிர்க் கோட்டு, முழங்காலுக்குக் கீழே வரும், இந்த முறை பச்சை. அவருக்குக் கட்டில் இருப்பது தெரியாது, எனக்குக் கோட்டு இருப்பது தெரியாது என்று அவருக்கு நினைப்பு. இப்படியே இந்த வீட்டில் எவ்வளவு காலம் ஒளித்து வைப்பது? பசுவைப் பார்க்க ஓர் ஆளை ஒழுங்கு பண்ணிவிட்டு வாங்கோ மச்சாள்.