கேஜ் அக்காவும் கம்ப்ரஸர் ஸ்ருதியும்

ஓசூர் தொழிற்பேட்டையில் அளக்கப்படாமல் தப்பித்த பொருள் ஏதாவது இருந்தால், அது கேஜ் அக்கா லீவில் இருந்த நாளில் வந்ததாகத்தான் இருக்கும். கேஜ் கருவி வைத்து நட்டு போல்ட்டை அளப்பது அவர் வேலை. இட்லியை அளப்பது பொழுதுபோக்கு. கேன்டீனில் ஒருநாள் வெர்னியரை வைத்துப் பார்த்துவிட்டு, ரெண்டு எம்.எம். குறைகிறது என்று தட்டில் சிவப்பு ‘ரிஜெக்ட்’ அட்டையைக் கட்டித் திருப்பி அனுப்பியவர். சமையல்காரரும் வேறு இட்லி கொடுத்தார்!

நான் டிப்ளமோ முடித்து அவரிடம் டிரெய்னியாகச் சேர்ந்தபோது, அக்கா தன்னைத் திருநங்கை என்று சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெயர் மாறிவிட்டது, ஐ.டி. கார்டு மாறிவிட்டது, யூனிஃபார்ம் சுடிதாராகிவிட்டது. குரல் மட்டும் பழைய ஸ்டாக். மாத்திரையால் அது மாறாது, பழக்கித்தான் மாற்றணும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதனால் என்னைத் தவிர யாரிடமும் வாயே திறக்கமாட்டார். எல்லாம் துண்டுச் சீட்டுதான்.

“போன்ல ஆப் இருக்கே அக்கா, குரலை அதுவே அளந்து சொல்லும்” என்றேன்.

“அந்த ஆப்புக்கு காலிப்ரேஷன் சர்டிபிகேட் இருக்குதாடி?”

இல்லை. ஆகவே கம்ப்ரஸர் ரூம். “பத்து வருஷமா பாத்துக்கினு வரேன், இது ஒரே ஸ்ருதி. ‘ம்ம்ம்’னு நின்னா நின்ன எடம்!” தினமும் மதியம் அந்த ரீங்காரத்தோடு சேர்ந்து முனகி, அதே உயரத்தில் “தக்காளி கிலோ என்ன வெலைங்க?” என்று பயிற்சி. உடனே நோட்டில் பதிவு: ‘கம்ப்ரஸருக்கு ஒரு நூல் கீழே. ரிஜெக்ட்.’ எட்டு மாதத்தில் ரிஜெக்ட், ரீவொர்க் ஆகி, ரீவொர்க் ‘பரவாயில்லை’ ஆனது.

அப்போதுதான் யார்டில் லாரிகளை மைக்கில் கூப்பிடும் வேலை காலியானது. அக்கா சீட்டிலேயே விண்ணப்பித்தார். “திங்கக்கெழம பேசிக் காட்டுங்க, பாக்கலாம்” என்றார் மேனேஜர்.

“இது கெடச்சா நாள் முச்சூடும் பேசலாம்டி. கெடைக்கலைன்னா ரிட்டயர் ஆவற வரைக்கும் சீட்டுதான்.”

திங்கட்கிழமை பதற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டே கம்ப்ரஸரோடு கடைசியாக ஒருமுறை முனகிவிட்டு, நேராக வந்து மைக்கைப் பிடித்தார். வந்தது குரல் இல்லை, விசில். குருபரப்பள்ளி லாரிக்காரர் ஒருவர் தலையை நீட்டி, “யம்மா, பருப்பு வெந்திருக்கும், எறக்கிடு!” என்றார். யார்டே சிரித்தது. அக்காவின் கை மெதுவாகப் பாக்கெட்டுக்குள் போய்ச் சீட்டுக் கட்டைத் தேடியது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்ருதி எங்கே தப்பியது என்று பார்க்கக் கம்ப்ரஸர் ரூமுக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை பழசைத் தூக்கிவிட்டுப் புதுசு வைத்திருந்தார்கள். அது ரெண்டு கட்டை மேலே பாடிக்கொண்டிருந்தது! மூச்சிரைக்க வந்து சொன்னேன்.

“அய்யோ, ஊரு உலகத்துக்கெல்லாம் சர்டிபிகேட் கேட்டேன், இதுக்குக் கேக்கலியேடி!” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்ட நேரம், கர்நாடகா லாரி ஒன்று ரிவர்ஸில் பெட்டிகளை நோக்கி வந்தது. அக்கா பாஸ் பண்ணி அடுக்கிய பெட்டிகள். மறுபடி மைக்கைப் பிடித்தார்.

“ஏனப்பா, கண்ணு காணிஸல்வா? ஒண்ணொண்ணா அளந்து வச்சிருக்கேன்யா! பிரேக்கப் போடு, முன்னாடி எடு!”

கண்ணு தெரியலையா என்று கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிந்த அந்தக் குரல் விசிலும் இல்லை, பழைய ஸ்டாக்கும் இல்லை. எட்டு மாதம் பழகிய தொண்டை, எந்த மெஷினையும் கேட்காமல் தானாகப் போய் உட்கார்ந்த இடம். லாரி நின்றது. “தப்பாய்த்து அக்கா” என்றார் டிரைவர். பருப்புக்காரர் தன் லாரியையும் ரெண்டடி முன்னால் எடுத்தார்.

“நாளைல இருந்து இங்கயே உக்காந்துக்குங்கம்மா” என்றார் மேனேஜர்.

சாயங்காலம் அக்கா நோட்டைத் திறந்தார். ‘அளவு’ என்ற கட்டத்தில் வாழ்க்கையில் முதல்முறையாக ‘அளக்கவில்லை’ என்று எழுதினார். ‘சரிபார்த்தவர்’ கட்டத்தைக் காட்டி, “நீ போடுடி” என்றார். டிரெய்னிக்கு ஓகே போடும் அதிகாரம் கிடையாது. போட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஓகே போட்டாச்சு. மறுபடி அளந்து பார்க்கத் தோன்றாத ஒரே ஓகே அதுதான்.