வினையெச்சத்தில் நின்ற பாறை

பூமியின் ஆழத்தில் உருகத் துணிந்த பாறையைத் தீர்மானம் நிறைவேற்றித் தடுத்த பெருமை, மனித வரலாற்றில் ஒரே ஒரு நகர மன்றத்தையே சாரும். அது நேப்பிள்ஸ் வளைகுடாவின் கரையில் உள்ளது. ஊரின் பெயரைக் குறிப்பிட்டால் அதன் தன்னடக்கம் புண்படும்.

அவ்வூரில் நிலம் உயர்ந்துகொண்டே வந்தது. துறைமுகத்துப் படகுகள் சேற்றில் அமர்ந்துவிட்டன. நுன்சியாத்தா நடத்திய மழலையர் பள்ளியின் சுவர் பிளந்திருந்தது. குழந்தைகள் அப்பிளவினுள் ஆரஞ்சுத் தோலைத் திணித்து விளையாடினர். அதைக் கண்ட அவள், பள்ளியை வளைகுடாவை விட்டு விலகிய ஊருக்கு மாற்றித் தருமாறு வேண்டினாள். மாண்புமிகு மன்றம் கூடி, நிலவியலாளர் ஓர்ஸோலாவை அழைத்தது.

“பாறை உருகிடுச்சா, டாக்டரம்மா?” என்றார் மேயர் அக்கில்லே.

“உருக ஆரம்பிச்சிருக்கு. சூடு மட்டும் காரணமில்லை. தண்ணி உள்ளே புகுந்துட்டா, குறைஞ்ச சூட்டுலயே பாறை இளகும். பாறைக்குள்ள கனிம மணியும் மணியும் சேர்ற மூலையிலதான் முதல்ல கசியும்.”

“நூத்துல எத்தனை பங்கு?”

“இப்போதைக்கு மூணு இருக்கலாம்.”

“மீதி தொண்ணூத்தேழும் கெட்டி. அவ்வளவு கெட்டியான பெரும்பான்மை எனக்கே கிடையாது.”

“அந்த மூணே போதும், மேயரே. பாறை பலமிழந்துடும்.”

மேயர் இலக்கணப் ‘புலி’. ‘உருகத் தொடங்கியது’ என்னும் தொடரில் ‘தொடங்கியது’ மட்டுமே வினைமுற்று. ‘உருக’ என்பது வெறும் வினையெச்சம். எச்சமாய் நிற்பதை நிகழ்ந்ததாகக் கொள்ள இயலாது. ஆகவே பாறை உருகவில்லை. பள்ளி இருந்த இடத்திலேயே இருக்கும். பிளவுக்குச் சுண்ணாம்பு பூசப்படும். இவ்விளக்கத்தை மன்றம் கரவொலியுடன் ஏற்றது.

நுன்சியாத்தா எழுந்தாள்.

“சுவரு இலக்கணம் படிக்கலையே, மேயரே. பிள்ளைங்க மேல விழுந்தா அது எச்சமா, முற்றா?”

“அபசகுனமாப் பேசாதீங்க, டீச்சரம்மா,” என்ற மேயர், பையிலிருந்த சிவப்புக் கொம்புத் தாயத்தைத் தொட்டுக்கொண்டார். “நாங்க பொறுப்பில்லாதவங்களா?”

பொறுப்பு உடனே மெய்ப்பிக்கப்பட்டது. அடுத்த பொருளாக, மன்ற அலுவலகத்தை மறுநாளே வளைகுடாவை விட்டு விலகிய காசெர்த்தாவுக்கு மாற்றும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

“பாறைதான் உருகலையே. நீங்க மட்டும் ஏன் போறீங்க?” என்று கேட்டாள் நுன்சியாத்தா.

மேயர் அவளைக் கனிவோடு நோக்கினார்.

“எங்களுக்கு ஏதாவது ஆயிட்டா, உங்க பிள்ளைங்க பத்திரமா இருக்காங்கன்னு யாரும்மா கையெழுத்துப் போடறது?”