விண்கல் தூசியில் ஒரு மேடு

"இது விண்கல்லோடது இல்ல. நம்ம ஆள் யாரோட கையோ பட்டிருக்கு," என்றார் டைரக்டர்.

திரையில் நேர்கோட்டின் நடுவே ஒரு சின்ன மேடு. விண்கல் தூசியைச் சூடாக்கும்போது அதில் கரிம மூலக்கூறு இருந்தால் அப்படித்தான் எழும். மனிதக் கையின் பிசுக்குக்கும் அப்படியே எழும். தூசியோ கண்ணுக்குத் தெரியாத அளவு. ஒவ்வொரு சோதனையிலும் கொஞ்சம் எரிந்துபோகும்.

ஆய்வாளர் முதலில் தரை துடைக்கும் திரவத்தை நிறுத்தினார். மேடு அசையவில்லை, துப்புரவுப் பணியாளர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்து எல்லோருக்கும் சோப்பைத் தடை செய்தார். மேடு அப்படியே நின்றது, லிஃப்டில் ஒருவரோடு ஒருவர் ஏற மறுத்தார்கள். பிறகு கருவியை இயக்கும் ஆபரேட்டரின் தலை எண்ணெய்க்கு வந்தார்.

"என் தலையை விடுங்க சார்," என்றார் அந்த அம்மாள். "தூசி இல்லாத வெறும் தட்டை நான் வைக்கிறேன், மேடு வரல. தூசித் தட்டை நீங்க வைக்கிறீங்க, வருது. ஊர்ல எல்லாரையும் மோந்து பாத்தீங்களே, உங்க கையை மோந்தீங்களா?"

மோந்து பார்க்க ஆய்வாளருக்குத் தேவையிருக்கவில்லை.

"கிரீம்," என்றார் மெதுவாக. "என் வீட்டுக்காரியோடது."

மனைவி இறந்ததிலிருந்து தினமும் காலையில் அவளுடைய கை கிரீமில் ஒரு பொட்டு தடவிக்கொண்டுதான் கிளம்புவார். டப்பாவில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்தக் கிரீம் இப்போது எந்தக் கடையிலும் வருவதில்லை.

மறுநாள் காலை, டப்பாவோடு குப்பை வண்டிக்குப் போனவரை மகள் வாசலில் மறித்தாள்.

"எதுக்குப்பா தூக்கிப் போடணும்? பூசாம அலமாரியில வச்சா போதாதா?"

"வீட்டுல இருந்தா பூசிப்பேன்மா."

"அம்மா இருந்தா திட்டியிருப்பாங்க."

"என்னையா?"

"விண்கல்லை."

அவர் சிரித்துவிட்டார். பிறகு, குப்பை வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தார்.

ஆய்வகத்தில் கையைத் தோல் சிவக்கக் கழுவிக்கொண்டு, கடைசியாக எஞ்சிய தூசியைக் கருவிக்குள் வைத்தார். வெளியே உலாத்திவிட்டு வந்தபோது திரையில் சுத்தமான நேர்கோடு.

"நான்தான் சார்," என்று டைரக்டருக்குப் போன் செய்தார். "கல்லுல ஒண்ணுமில்ல. எல்லாம் என் வீட்டு வாசனை."

கைகளை முகத்தருகே கொண்டுபோனார். எந்த வாசனையும் இல்லை.

ஆபரேட்டர் திரையை எட்டிப் பார்த்தார்.

"இது நேத்து சாயங்காலம் நான் சீக்கிரம் கிளம்பிட்டேன்னு, அந்தக் கிரீம் கையோட நீங்களே வச்சுட்டு, படத்தைப் பாக்காமப் போன வெறும் தட்டு சார். இன்னிக்குத் தூசியோட படம் அடுத்த பக்கத்துல இருக்கு, மேடு அப்படியே நிக்குது."