சீட்டை இறக்கச் சொன்ன மேடம்

மருந்துக் கடை வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது, சோபாவில் அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஆட்டுக் கொம்பு போல வளைந்த ஒரு கம்பி உட்கார்ந்திருந்தது.

"இது என்னங்க?"

"ஹேண்டில்பார்," என்றான் கணவன். தரையில் சம்மணம் போட்டு, பால்கனியில் இத்தனை காலம் துணி காயப்போடப் பயன்பட்ட மவுண்டன் பைக்கை மடியில் சாய்த்து வைத்திருந்தான். "நேர் ஹேண்டிலை எடுத்துட்டு இதை மாட்டினா கிராவல் பைக் ஆயிடும். தார் ரோடு, மண் ரோடு, எதுல வேணா பறக்கலாம்."

"இப்ப எதுக்குப் பறக்கணும்?"

"ஆபீஸ்ல எல்லாரும் ஞாயித்துக்கிழமையானா ரைடு போறாங்க. நான் மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்கு?"

அவன் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பிரிவில் வேலை பார்ப்பவன். லிஃப்ட் பழுதானால் சரியாகும் வரை கீழேயே நின்று பேப்பர் படிப்பவன். காலேஜ் நாட்களில் சைக்கிளிலேயே மலையேறியதாகக் கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு அவன் எதிலும் ஏறி அவள் பார்த்ததில்லை.

ஹேண்டிலோடு விஷயம் முடியவில்லை. வளைந்த கம்பியின் பருமன் வேறு, பழைய பிரேக் பிடி அதில் மாட்டாது என்றான். புது பிடி வந்தது. அதற்குத் தோதாகக் கியர் மாற்றும் பிடியும் வந்தது. பிறகு, கை எட்டவில்லை என்று ஹேண்டிலைத் தாங்கும் கழுத்தைக் குட்டையாக்கினான். முன்சக்கரத்து ஷாக் துள்ளுகிறது என்று அதையும் கழற்றிப் போட்டுவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் துள்ளாத ஃபோர்க் ஒன்றை மாட்டினான். ஹால் முழுக்க கிரீஸ். தலையணை உறையில்கூட ஒரு கட்டைவிரல் ரேகை.

"இனிமே வீட்டுக்குள்ள ஒரு ஸ்க்ரூ கழட்டக் கூடாது. எதா இருந்தாலும் கடையில கொடுத்துச் செஞ்சுக்குங்க," என்றாள்.

"சரி."

அவளுக்குச் சுருக்கென்றது. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னாலே அரைமணி நேரம் வாதாடுகிற மனுஷன், இதற்கு மட்டும் உடனே சரி என்றால் என்ன அர்த்தம்?

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவனைக் காணோம். தலையை வழித்துச் சீவி, பவுடர் போட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சைக்கிளை உருட்டியபடி கிளம்பிவிடுவான்.

"எங்க போனீங்க?" என்று கேட்டால், "சும்மா, ஒரு சுத்து," என்பான்.

சுத்து என்றால் சக்கரம் தேயாதா? அவள் குனிந்து பார்த்தாள். கடையில் புதிதாக மாட்டிய டயரில் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகள் ஒன்றுகூட உதிராமல் அப்படியே இருந்தன. அப்படியென்றால் சைக்கிள் அதிக தூரம் போகவில்லை. போனது ஆள்தான்.

அக்காவுக்கு போன் செய்தாள்.

"பவுடரா?" என்றாள் அக்கா. "எந்த ஊர்லடி சைக்கிள் ஓட்டப் போறவன் பவுடர் போட்டுட்டுப் போறான்?"

"அதான் எனக்கும் ஒரு மாதிரியா இருக்கு."

"சைக்கிளை ஓட்டவிடாமப் பண்ணு. தானா வழிக்கு வருவார்."

அதுவும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுபடி மாற்றுவதற்காகக் கடையில் பழையதைக் கழற்றிவிட்டு, இன்னும் மாட்டாமல் டப்பாவில் இருந்த பிரேக் பிடி ஒன்றை எடுத்து, அவன் ஆயுளில் திறக்கவே மாட்டான் என்று அவள் நம்பிய இடத்தில், அதாவது வாஷிங் மெஷினுக்குள், ஒளித்து வைத்தாள்.

பிரேக் இல்லாமல் எப்படிப் போவான் என்று நினைத்தாள். போனான். திரும்பி வந்தபோது முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது.

"என்ன ஆச்சு?"

"லேசா உரசிடுச்சு."

அவள் கவனித்தது காயத்தை அல்ல, கட்டுப் போட்ட விதத்தை. ஓரம் மடித்து, சுருக்கம் இல்லாமல், பிசகாமல் ஒட்டிய பிளாஸ்திரி. அவன் கட்டினால் கொரியர் பார்சல் போல இருக்கும். இது பழகின கை. பொறுமையான கை. பெண் கை.

அவள் குளித்துவிட்டு வெளியே வருவதற்குள் வீடே அதிர்ந்தது. அவன் தன் பேண்ட்டைத் தானே துவைக்கப் போட்டிருந்தான். மெஷின் கடகடவென்று உருண்டு, சுவர்ப்பக்கம் நகர்ந்து, கடைசியாக ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. பிரேக் பிடி எப்படி மெஷினுக்குள் வந்தது என்று அவன் கேட்கவில்லை. பேண்ட் எப்படி மெஷினுக்குள் வந்தது என்று அவளும் கேட்கவில்லை. இருவரும் தரையில் ஓடிய தண்ணீரைத் துடைத்தார்கள்.

"தானே துவைக்கிறாரா?" என்றாள் அக்கா போனில். குரல் தாழ்ந்துவிட்டது. "அப்போ ஏதோ கறை இருந்திருக்கு. நீ பார்க்கக் கூடாத கறை."

அன்று மாலை பால்கனிக் கதவுக்குப் பின்னால் அவன் யாருடனோ குசுகுசுவென்று பேசுவது கேட்டது.

"இல்ல மேடம், அடுத்த வாரம் கண்டிப்பா வரேன். ஒண்ணே ஒண்ணு, நீங்க கையை மட்டும் எடுத்துடாதீங்க. எடுத்தா எனக்குத் தாங்காது."

மறுநாள் கடையில் வயிற்று வலிக்காரருக்குக் காது சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்து, அவர் திருப்பிக் கொண்டுவந்து, முதலாளியிடம் திட்டு வாங்கினாள். மதிய இடைவேளையில் நேராக சைக்கிள் கடைக்குப் போனாள்.

மெக்கானிக் ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் யாரென்று சொன்னதும் எழுந்தார்.

"ஓ, அந்த கிராவல் சாரா? அடிக்கடி வருவாரே. அந்த மேடம்கூட வந்தாங்களே."

"எந்த மேடம்?"

"அவங்க பேரு தெரியாதும்மா. மார்க்கெட்டுக்குப் பின்னாடி மைதானம் இருக்குல்ல, ஞாயித்துக்கிழமை காலையில அங்கதான் ரெண்டு பேரும் இருப்பாங்க. மேடம்தான் சீட்டை நல்லா அடியோட இறக்கச் சொன்னாங்க. இப்படி இறக்கினா கிராவல் பைக்குக்கு லட்சணமே போயிடும்னு சொன்னேன். கேக்கலை. அவங்களுக்கு அப்படித்தான் வேணுமாம்."

அவள் சாலையைக் கடந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. அக்காவிடம் சொன்னாள்.

"அடியோட இறக்கினாளா? அப்போ அவ குள்ளம். உன் வீட்டு சைக்கிளை அவளும் ஓட்டுறா."

அந்த வாரம் முழுக்க மருந்துக் கடைக்கு வந்த குள்ளமான பெண்கள் யாருக்கும் நிம்மதி இல்லை. இருமல் மருந்து கேட்டு வந்த ஒருத்தியிடம், "சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்று கேட்டே விட்டாள்.

வீட்டில் அவள் அவனோடு பேசுவதை நிறுத்தினாள். அவன் அதையும் உடனே ஏற்றுக்கொண்டது இன்னும் எரிந்தது. பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினாள். பாதி அடுக்கும்போது அழுகை வந்தது. அவன் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே போய்விட்டான். கல்யாணத்துக்குப் பிறகு இந்த மனுஷனிடம் தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. டீயை மட்டும் குடித்தாள்.

ஞாயிறு காலை அவன் கிளம்பிப் போன பிறகு அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு இருவரும் மைதானத்துக்குப் போனார்கள்.

மதில் இடுப்புக்கு மேல் உயரம். அதற்கு அப்பால் ஹெல்மெட்டோடு அவன் தலையும் தோளும் தெரிந்தன. அவனை ஒட்டி, முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் தலை. அவள் கை அவன் தோளில்.

"பார்த்தியா," என்றாள் அக்கா. "ஆனா குள்ளமா இல்லையே."

குள்ளம் இல்லைதான். அவனைவிட அரையடி உயரம். அதுவேறு அவளுக்குத் தாங்கவில்லை. பெட்டியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, மதிலைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குள் விறுவிறுவென்று நடந்தாள். என்ன கேட்க வேண்டும் என்று வாரம் முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

அவளைக் கண்டதும் அவன் ஹேண்டிலைத் திருப்பிவிட்டான். சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மெல்ல, மிக மெல்ல, புழுதியில் விழுந்தான்.

"நானே சொல்லிடலாம்னுதான் இருந்தேன்," என்றான் படுத்தபடியே.

"எப்போ?"

உயரமான பெண் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்க அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்கதான் சாரோட வீட்டுக்காரங்களா? நல்லவேளை வந்தீங்க, கொஞ்ச நேரம் நீங்க சீட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே ஓடுங்க, ஒவ்வொரு தடவை விழும்போதும் சைக்கிள் மேலதான் தப்புன்னு ஒண்ணு ஒண்ணா எல்லாத்தையும் மாத்திட்டார், கால் தரையில ஊனட்டும்னு சீட்டையும் இறக்கியாச்சு, இன்னும் ஓட்ட மட்டும்தான் வரலை."